படிக்கட்டுக்கு மேலே பத்தொன்பது புள்ளிகள்

ஏப்ரல் 2

அனுப்புநர்: தரவுப் பதிவாளர், நகரக் குடிநீர்ப் பிரிவு
பெறுநர்: வரைபட அலுவலர், ஆற்று அளவைத் துறை

பொருள்: வெள்ள எல்லைக் கோட்டை எங்கள் டேட்டாபேஸுடன் இணைப்பது – தொடர்பாக.

ஐயா,

எங்கள் ஊரின் 6,480 வீட்டுக் குடிநீர் இணைப்புகளின் பட்டியல், ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு இடப்புள்ளியுடன் எங்கள் டேட்டாபேஸில் உள்ளது. அணையின் எல்லா மதகுகளையும் ஒரே நேரத்தில் திறந்தால் தண்ணீர் எதுவரை வரும் என்று தாங்கள் வரைந்த கோடு தங்கள் மேப் சர்வரில் உள்ளது. இரண்டையும் இணைத்து, கோட்டுக்குள் விழும் வீடுகளின் பட்டியலை மே 15 நண்பகலுக்குள் தரும்படி எங்கள் மேலாளர் உத்தரவிட்டுள்ளார். பட்டியலில் வரும் வீடுகளை மழைக்கு முன் காலி செய்து, அங்குள்ளவர்களை மேட்டில் கட்டியிருக்கும் அடுக்குமாடிக்கு மாற்றுவார்கள்.

காப்பி அனுப்ப வேண்டாம். சென்ற முறை அனுப்பிய காப்பியை நாங்கள் ஏற்றி முடிப்பதற்குள் தங்கள் துறை கோட்டை இரண்டு முறை மாற்றிவிட்டது. எங்கள் டேட்டாபேஸிலிருந்தே தங்கள் சர்வரை நேரடியாகப் பார்க்கும்படி இணைப்பு வேண்டும். முகவரி, பயனர் பெயர், கடவுச்சொல் தந்து உதவவும்.

இப்படிக்கு,
தரவுப் பதிவாளர்

பி.கு.: இதை நான் எழுதவில்லை, என் நாற்காலி எழுதுகிறது. இந்த வேலைக்கு இங்கே வேறு ஆள் இல்லாததால் என் கையெழுத்து வந்திருக்கிறது. தாங்கள் இதற்கு வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ள வேண்டாம்.


ஏப்ரல் 4

மேடம்,

கேட்ட விவரங்கள் தனி உறையில் உள்ளன. எங்கள் கோடு தங்கள் டேட்டாபேஸில் இன்னொரு டேபிள் மாதிரியே தெரியும். படிக்க மட்டும் அனுமதி. திருத்த முடியாது. நாங்கள் இங்கே கோட்டை மாற்றினால் அங்கே தானாகவே மாறிவிடும்.

இப்படிக்கு,
வரைபட அலுவலர்

பி.கு.: அக்கா, ரெண்டு வருஷமா போன் பண்ணா கட் பண்றே. அப்பாவுக்கு முட்டி வலி எப்படி இருக்குன்னாவது உன் நாற்காலியை எழுதச் சொல்லு.


ஏப்ரல் 9

ஐயா,

இணைப்பு கிடைத்தது. தங்கள் கோடு எங்கள் திரையில் தெரிகிறது. ஆனால் "கோட்டுக்குள் இருக்கும் வீடுகள் எத்தனை" என்று கேட்டால் பூஜ்யம் என்று வருகிறது. நான்கு நாள் உட்கார்ந்து பார்த்தாயிற்று. ஆற்றங்கரையில் ஒரு வீடுகூட நனையாதாம்! எங்கள் மேலாளர் சந்தோஷமாகப் பட்டியலை முடித்துவிடலாமா என்று கேட்கிறார். தங்கள் கோட்டில் பிழை இருப்பதாகத் தெரிகிறது. சரிபார்த்துச் சொல்லவும்.

இப்படிக்கு,
தரவுப் பதிவாளர்

பி.கு.: அலுவலகக் கடிதத்தில் குடும்ப விஷயம் வேண்டாம். முட்டி அப்படியேதான் இருக்கிறது.


ஏப்ரல் 11

மேடம்,

கோட்டில் பிழை இல்லை.

எங்கள் சர்வர் முதலில் கிழக்கு எண், பிறகு வடக்கு எண் என்று படிக்கும். தங்கள் டேபிளில் முதலில் வடக்கு, பிறகு கிழக்கு என்று எழுதி வைத்திருக்கிறீர்கள். அதனால் தங்கள் 6,480 வீடுகளும் இப்போது வேறொரு கண்டத்துக்குப் பக்கத்தில், பனிக்கடலில் மிதக்கின்றன. அங்கே எங்கள் அணை இல்லை. இரண்டு எண்களையும் இடம் மாற்றிவிட்டு மறுபடி கேட்கவும்.

இப்படிக்கு,
வரைபட அலுவலர்

பி.கு.: சின்ன வயசுல நீ செருப்பை இடதும் வலதும் மாத்தித்தான் போடுவே. அம்மா தினமும் வாசல்ல நின்னு மாத்திவிடுவாங்க. எழுதணும்னு தோணிச்சு, எழுதிட்டேன்.


ஏப்ரல் 15

டேய் தம்பி,

இனிமே இந்த ஐயா, மேடம் எல்லாம் எனக்குச் சரிப்படாது. வாய் கோணிக்கிட்டு வருது. பொருள், தொடர்பாக எதுவும் கிடையாது, நேரா விஷயத்துக்கு வர்றேன்.

எண்ணை மாத்திப் போட்டேன். வந்துடுச்சு. கோட்டுக்குள்ள 212 வீடு. இப்ப காதைத் தீட்டிக்கிட்டுக் கேளு. அந்த 212-ல நம்ம வீடு இல்லை! மூணு தடவை தேடினேன். இணைப்பு எண்ணைப் போட்டுத் தேடினேன், அப்பா பேரைப் போட்டுத் தேடினேன், தெருப்பேரைப் போட்டுத் தேடினேன். இல்லவே இல்லை. நாம கோட்டுக்கு வெளியே இருக்கோம். நீ வரைஞ்ச கோட்டுக்கு.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அளக்கற கருவியும் அதை நிறுத்தற முக்காலியுமா வந்து வீட்டுக்குப் பின்னாடி நட்டுவச்சு ஒரு நாள் முழுக்க அளந்தியே, ஞாபகம் இருக்கா? வந்த பிள்ளை அப்பாவைப் பார்க்க வந்திருக்குன்னு நான் சமைச்சு வச்சிருந்தேன். நீ கை கழுவுறதுக்கு முன்னாடியே "அப்பா, இந்த வீடு தண்ணிக்குள்ள இருக்கு, காலி பண்ணுங்க"ன்னே. அவர் கல்லும் மண்ணும் சுமந்து கட்டின வீடு. "நாப்பது வருஷமா ஒரு சொட்டு வந்ததில்ல, நீ ஆத்துக்கு ஏஜென்டா?"ன்னு கேட்டார். அந்த முக்காலியோட இந்த வாசலுக்கு வராதேன்னார். நீயும் தட்டுல போட்ட சோத்தை அப்படியே வச்சுட்டுப் போனே. அன்னைக்கு நான் அப்பா பக்கம் நின்னேன்னுதானே உனக்குக் கோபம்? நின்னது சரிதான்னு இப்ப உன் கோடே சொல்லுது.

அப்பாகிட்ட சொல்லிட்டேன். அன்னைக்கு ரெண்டு டம்ளர் டீ குடிச்சார்.

அக்கா


ஏப்ரல் 17

அக்கா,

சந்தோஷம்தான். ஆனா அது நடக்காத விஷயம்.

அன்னைக்கு நான் அளந்தது எனக்கு மனப்பாடமா இருக்கு. நம்ம வீட்டுத் தரை, தண்ணி வரப்போற மட்டத்துக்கு நாலடி கீழ. முன்னாடி அணையில எட்டு மதகு இருந்துச்சு. இப்ப பதினாலு. அப்பா சொல்ற நாப்பது வருஷம் எட்டு மதகோட நாப்பது வருஷம். இதைத்தான் அன்னைக்கும் சொல்ல வந்தேன். சொல்லவிடல.

கோடு சரி. இணைப்பும் சரி. அப்ப உன் புள்ளிதான் தப்பா இருக்கணும். நம்ம வீட்டுப் புள்ளி மட்டும் தப்பா, இல்ல பக்கத்து வீடுகளும் அப்படியா? தையல்காரம்மா வீடு லிஸ்ட்ல இருக்கா பாரு. நம்ம வீட்டுக்கும் கீழ இருக்கற வீடு அது. அவங்க வீட்டுக்காரர் படுத்த படுக்கையா இருக்கறவர். தண்ணி வந்தா அவரைத் தூக்கிக்கிட்டு ஏறணும்.

பாத்துட்டு எழுது. சோத்தை வச்சுட்டுப் போனது தப்பு. அதுக்கு நான் எதுவும் சொல்லப் போறதில்ல.

தம்பி


ஏப்ரல் 20

தம்பி,

உனக்கு நாம நல்லா இருக்கறதே பிடிக்காதா? லிஸ்ட்ல இல்லைன்னதும் "அப்பாடா"ன்னு ஒரு வார்த்தை வருதா உன் வாயில? உடனே புள்ளி தப்பு. உன் கோடு தப்பா இருக்கவே முடியாது, இல்ல? நீ பிறக்கும்போதே ஸ்கேலோட பிறந்தவனாச்சே.

தையல்காரம்மா வீடு லிஸ்ட்ல இல்லை. அதுக்கு என்ன இப்ப?

நம்பிக்கை இல்லேன்னா நீயே பாரு. எங்க டேபிளை நீ அங்கேருந்து பார்க்கற மாதிரி இணைப்பு கொடுத்திருக்கேன். படிக்க மட்டும்தான். தொட முடியாது. உன் பாணியிலயே உனக்கு!

அக்கா


ஏப்ரல் 22

அக்கா,

பாத்தேன்.

ஆத்தோரம் மத்த எல்லா இடத்துலயும் புள்ளிங்க தாறுமாறா இருக்கு. ஒண்ணு முன்னாடி, ஒண்ணு பின்னாடி. வீடு அப்படித்தான் இருக்கும். நம்ம சரிவுல மட்டும் பத்தொன்பது புள்ளி நேரா ஒரே வரிசையில நிக்குது. அது நிக்கற இடம் வீடு இல்ல. மேல் தெரு. தார் ரோட்டோட ஓரம். அந்த ரோட்டுலேருந்துதான் ஒவ்வொரு வீட்டுக்கும் படி இறங்குது. நம்ம வீட்டுக்கு நாப்பத்தாறு படி.

ரோடு கோட்டுக்கு வெளியே இருக்கு. வீடுங்க உள்ள இருக்கு. உன் டேட்டாபேஸ் ரோட்டைப் பாத்துட்டு "நனையாது"ன்னு சொல்லுது. அது மேல தப்பில்ல. கேட்டதுக்கு அது பதில் சொல்லியிருக்கு.

யாரோ மேல நின்னுக்கிட்டே எடுத்திருக்காங்க. டேபிள்ல கடைசிக் கட்டத்துல "எடுத்தவர் எண்"னு ஒண்ணு இருக்கு. பத்தொன்பதுக்கும் ஒரே எண்தான். ஏழு.

ஏழாம் நம்பர் மீட்டர் ரீடர் யாருன்னு உனக்கு நான் எழுத வேண்டியதில்ல. எனக்கும் அதைப் பாத்த பிறகு டீ இறங்கல.

தம்பி


ஏப்ரல் 26

தம்பி,

நாலு நாளா எழுத உட்கார்ந்து எழுந்து போனேன்.

அந்தக் கட்டத்தை நான் பார்க்கலேன்னு நினைச்சியா? 212-ன்னு வந்த அன்னைக்கே பார்த்தேன். நம்ம வீடு இல்லைன்னு தெரிஞ்சதும் நம்ம வரியை மட்டும் எடுத்துப் படிச்சேன். கடைசியில ஏழு. அப்பாவே எடுத்த புள்ளி, அப்புறம் தப்பா இருக்குமான்னு மூடி வச்சுட்டேன். மூடி வச்சுட்டு உனக்கு அப்படி ஒரு கடிதம் எழுதினேன். உண்மையைச் சொல்லிட்டேன், திட்டணும்னா திட்டிக்கோ.

அப்பா ரிடையர் ஆன அன்னைக்கு அவங்க மேலதிகாரி மைக் பிடிச்சு என்ன சொன்னார்? "ஏழாம் நம்பர் எடுத்த ரீடிங்குல ஒரு எழுத்து தப்பு வந்தது கிடையாது"ன்னார். அதை எத்தனை பேர்கிட்ட எத்தனை தடவை சொல்லியிருப்பார்! அந்த மனுஷன் முன்னால போய், அப்பா நீங்க எடுத்த பத்தொன்பதும் தப்புன்னு எப்படிடா சொல்றது? அதுவும் திருத்தினா வீடே போயிடும்னு தெரிஞ்சுக்கிட்டு?

இதை எழுதவே கை கூசுது. ஆனா உன்கிட்ட எழுதாம வேற யார்கிட்ட எழுத. நான் வாயைத் திறக்கலேன்னா யாருக்கும் தெரியாது. மேலாளர் 212-க்கு கையெழுத்துப் போடத் தயாரா உட்கார்ந்திருக்கார். அப்பா அவர் கட்டின வீட்டுலயே இருப்பார். நீ மதகு மதகுன்னு சொல்றது இந்த வருஷமே வருமா? பத்து வருஷம் கழிச்சு வருமா? அப்பாவுக்கு எழுபத்தஞ்சு. நான் என்ன நினைக்கறேன்னு உனக்குப் புரியுது.

உங்க சர்வர்ல வானத்துலேருந்து எடுத்த கூரைப் படம் இருக்கும்னு சொல்வாங்களே. அதை இணைச்சா அப்பா பேர் அடிபடாம மிஷினே திருத்திடாதா?

அக்கா


ஏப்ரல் 28

அக்கா,

திட்டல. நான் உன் நாற்காலியில இருந்தா நானும் மூடித்தான் வச்சிருப்பேன். ஒரு நாள்.

கூரைப் படம் இருக்கு. இணைச்சும் பாத்துட்டேன். நம்ம சரிவுல மரம் மூடிக்கிட்டிருக்கு. பத்தொன்பது வீட்டுல மூணு கூரைதான் தெரியுது. நம்ம வீடு அந்த மூணுல இல்ல. யாராவது படி இறங்கிப் போய் வீட்டுல நின்னு எடுத்தாத்தான் உண்டு. நான் இங்கேருந்து உன் டேபிளைத் தொட முடியாது. நீயும் என் கோட்டைத் தொட முடியாது.

எப்ப வரும்னு கேட்டே. எனக்குத் தெரியாது. யாருக்கும் தெரியாது. மதகு திறக்கப் போறாங்கன்னா, லிஸ்ட்ல இருக்கற வீட்டுக்குத்தான் வண்டி வரும். லிஸ்ட்ல இல்லாத பத்தொன்பது வீட்டுக்கு வராது. அப்பாவை நீ கையைப் பிடிச்சு ஏத்திடுவே. தையல்காரம்மா அவங்க வீட்டுக்காரரை நாப்பத்தொன்பது படி எப்படி ஏத்துவாங்க? நம்ம வீட்டை மட்டும் நினைச்சா எனக்கும் உன்னை மாதிரிதான் தோணுது. மத்த பதினெட்டு நினைச்சாத்தான் தூக்கம் வரல.

அப்பாகிட்ட நீயே சொல்லு. நான் சொன்னா சண்டையாத்தான் முடியும்.

தம்பி


மே 5

தம்பி,

சொல்லிட்டேன்.

நீ எழுதினதை ரெண்டு நாள் பைக்குள்ளயே வச்சுக்கிட்டுத் திரிஞ்சேன். அப்புறம் மேப்பை ஒரு தாள்ல அச்சடிச்சு, காலையில அவர் கண்ணாடி போட்டுக்கிட்டு பேப்பர் படிக்கற நேரமாப் பார்த்து முன்னால வச்சேன். "இது என்ன, எறும்பு வரிசையா?"ன்னார். "நீங்க எடுத்த புள்ளிப்பா"ன்னேன். விரலை வச்சு ஒவ்வொண்ணா எண்ணினார். பத்தொன்பது வரைக்கும் எண்ணிட்டு ரோட்டைத் தொட்டுப் பார்த்தார். அவருக்கு விளக்கணும்னு நான் பயந்துக்கிட்டிருந்தேன். விளக்க வேண்டியே வரல.

அவர் சொன்னதை அப்படியே எழுதறேன். "ஒரு நாளைக்கு நூத்திமுப்பது வீடு. அந்தச் சரிவுல மட்டும் ஒவ்வொரு வீட்டுக்கும் நாப்பது, அம்பது படி. இறங்கி ஏறினா அன்னைக்கு வேற தெரு பார்க்க முடியாது. அதனால மேல நின்னு 'மீட்டர்!'னு ஒரு சத்தம் போடுவேன். கீழேருந்து யாராவது எண்ணைப் படிச்சுச் சொல்லுவாங்க. ஒரு எண் தப்பாச் சொன்னது கிடையாது. அப்புறம் இடத்தைக் குறிக்கற கருவி ஒண்ணைக் கையில கொடுத்து, ரீடிங் எடுக்கறப்ப நிக்கற இடத்துல பட்டனை அமுக்குன்னாங்க. நான் நின்ன இடத்துலதான் அமுக்கினேன். நீங்க வீடு நிக்கற இடத்துலன்னு சொல்லலையே!"

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அவருக்கு வரல. தாளை மடிச்சு சட்டைப் பையில வச்சுக்கிட்டு வெளியே போயிட்டார். ரெண்டு நாள் என்கிட்ட பேசல. சாப்பாடு வச்சா சாப்பிட்டார், அவ்வளவுதான். ரிடையர்மெண்டுக்குக் கொடுத்த கடிகாரத்தைக் கழட்டி அலமாரிக்குள்ள வச்சுட்டார்டா. அதைப் பார்த்ததும் எனக்கு உன் மேலயும் கோபம், என் மேலயும் கோபம்.

மூணாம் நாள் காலையில ஷூவைத் தேடி எடுத்து மாட்டிக்கிட்டு வந்து நின்னார். "உன் ஆபீஸ்லேருந்து அந்தக் கருவியை வாங்கிட்டு வா. நான் எடுத்ததை நான்தான் திருத்தணும்"ன்னார். முட்டியை வச்சுக்கிட்டு இந்தப் பேச்சு! எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன், கேட்கல. கருவியை வாங்கிட்டு வந்து, இன்னைக்கு லீவு போட்டிருக்கேன். கீழ நின்னு என்னைக் கூப்பிடறார். அப்புறம் எழுதறேன்.

அக்கா


மே 10

தம்பி,

அஞ்சு நாள் ஆச்சு. ஒரு நாளைக்கு மூணு, நாலு வீடு. ஒரு கையில கைப்பிடிச் சுவர், இன்னொரு கை என் தோள்ல. ஒவ்வொரு வீட்டுக்குள்ளயும் போய், நடுக்கூடத்துல நின்னு, கருவியில எண் நிலைச்சு நிக்கற வரைக்கும் அசையாம நின்னு, அப்புறம்தான் பட்டனை அமுக்கறார். "இப்ப எங்க நிக்கறேன்? வீட்டுலதானே?"ன்னு என்கிட்ட கேட்டு, நான் ஆமாம்னு சொன்ன பிறகுதான் அமுக்கறார். பழிக்குப் பழி!

எல்லாத்துக்கும் கடைசியில இருக்கற வீட்டுல ஒரு வயசான மனுஷர் கதவைத் திறந்தார். அப்பா "மீட்டர்"னு மெதுவாத்தான் சொன்னார். அந்த மனுஷர் அப்படியே பார்த்துட்டு, "ஏழாம் நம்பரா! இருபது வருஷமா உங்க தொண்டையைத்தான் தெரியும், முகத்தை இன்னைக்குத்தான் பார்க்கறேன், உள்ள வாங்க"ன்னார். அங்க ஒரு மணி நேரம் உட்கார்ந்துட்டோம்.

தையல்காரம்மாகிட்ட எதுக்காக எடுக்கறோம்னு மறைக்காம சொன்னேன். மிஷினை நிறுத்திட்டுக் கேட்டுக்கிட்டாங்க. "அடுக்குமாடியில லிஃப்ட் இருக்கா?"ன்னு மட்டும் கேட்டாங்க. இருக்குன்னேன். "அப்ப என்னை முதல்ல போடு"ன்னாங்க. எல்லாரும் அப்படிச் சொல்லல. ரெண்டு வீட்டுல கதவைச் சாத்திட்டாங்க. அப்பா வாசல்லயே உட்கார்ந்திருந்து அவங்களே திறக்கற வரைக்கும் இருந்து எடுத்துட்டு வந்தார்.

பதினெட்டு முடிஞ்சது. பதினெட்டும் உன் கோட்டுக்குள்ள. மேலாளர்கிட்ட நேத்தே சொல்லிட்டேன். ஏழாம் நம்பர் ஏன் தப்பா எடுத்தார்னு கேட்டார், சொன்னேன். "திருத்தினதும் ஏழாம் நம்பர்தான்னு எழுதி வைங்க"ன்னார். நல்ல மனுஷர்.

இப்ப மீதி நம்ம வீடு ஒண்ணுதான். கருவியை அவர் கையில கொடுத்தேன். வாங்கி மேஜை மேல வச்சுட்டார். "இதை அவன் வந்து எடுக்கட்டும்"ன்னார். அவ்வளவுதான் சொன்னார். பதினஞ்சாம் தேதி நண்பகல் லிஸ்ட் போகணும். நீ என்ன பண்ணப் போறே?

அக்கா


மே 11

அக்கா,

வாசலுக்கு வராதேன்னு சொன்னவர் அவர்தான். வான்னு அவரே சொல்லட்டும். ஒரு போன் போடச் சொல்லு. எனக்கு வேற எதுவும் வேணாம்.

தம்பி


மே 12

டேய்,

அவர் சொல்லமாட்டார். உனக்குத் தெரியும், எனக்குத் தெரியும், தெருவுல போறவனுக்குக்கூடத் தெரியும். எழுபத்தஞ்சு வயசுல, வீங்கின முட்டியோட, அஞ்சு நாள் படி இறங்கி ஏறி, ஊர் முன்னால தன் தப்பைத் திருத்தியிருக்கார். அதுக்கு மேலயும் அந்த மனுஷனை நீ என்ன சொல்லச் சொல்றே?

ரெண்டு பேரும் ஒரே அச்சு. நடுவுல நான் தபால்காரி. எனக்கு அலுத்துப்போச்சு.

பதினாலாம் தேதி எனக்கு லீவு கிடைக்காது, லிஸ்டைச் சரிபார்க்கணும். சாவியை வழக்கமான இடத்துல வைக்கல, ஏன்னா அப்பா வீட்டுலதான் இருப்பார். வர்றதுன்னா வா. முக்காலியோட வா.

அக்கா


மே 14, பஸ்ஸில் இருந்து

அக்கா,

நீ ஆபீஸ்லேருந்து திரும்பறதுக்குள்ள நான் கிளம்ப வேண்டியதாயிடுச்சு. மத்தியான பஸ்ஸை விட்டா நாளைக்குத்தான். உன்னைப் பார்க்காம வந்ததுல எனக்கும் வருத்தம்தான். நடந்ததை நீ பார்க்கல, அப்பாவும் உனக்குச் சொல்லமாட்டார். அதனால எழுதறேன். பஸ் ஆடுது, எழுத்து கோணலா இருக்கும். தபால்ல போட்டா நாளைக்குள்ள வராது, போட்டோ எடுத்து உன் போனுக்கு அனுப்பறேன்.

பத்தரைக்குப் போனேன். கதவு திறந்திருந்தது. அப்பா நாற்காலியில உட்கார்ந்திருந்தார். "வந்தியா"ன்னார். "வந்தேன்"னேன். முட்டியில துணி சுத்தியிருந்தார். நான் கூடத்து நடுவுல முக்காலியை நிறுத்தப் போனேன். "அங்க இல்ல"ன்னு எழுந்து, சுவரைப் பிடிச்சுக்கிட்டுப் பின்னாடி நடந்தார். குழாய்க்குப் பக்கத்துல, நம்ம வீட்டு மீட்டர் இருக்கற மூலை. "இங்க வை"ன்னார்.

வீட்டு நடுவுலதான் எடுக்கணும்னு சொல்ல வாயெடுத்தேன். அவரே பேசினார். "நம்ம வீட்டு ரீடிங்குக்கும் நான் மேல நின்னுதான் சத்தம் போடுவேன். உங்கம்மா இருந்த வரைக்கும் இங்க குனிஞ்சு பார்த்துட்டு, எண்ணைச் சொல்லுவா. சொல்லிட்டு, 'சாப்பிட இறங்கி வர்றீங்களா, இல்ல அதையும் மேலேயே தூக்கி எறியணுமா?'ன்னு கேப்பா. தெருவே சிரிக்கும்"ன்னார். எனக்கு இது தெரியாது அக்கா. உனக்குத் தெரியுமா?

முக்காலியை அங்கயே நட்டேன். எண் நிலைச்சு நிக்கற வரைக்கும் ரெண்டு பேரும் நின்னோம். அப்புறம் அவர், முன்னாடி ஒரு தடவைகூடக் கேட்காததைக் கேட்டார். "இந்த இடத்துல எவ்வளவு தண்ணி நிக்கும்?"

"நாலடி"ன்னேன்.

"நாலடின்னா?"

"உங்களுக்கு நெஞ்சு வரைக்கும்ப்பா."

கையைத் தன் நெஞ்சுல குறுக்க வச்சுப் பார்த்தார். வச்ச கையை எடுக்காம, அதே உயரத்துல குழாய்ப் பக்கம் கொண்டு போய் நிறுத்தினார்.

"அவளுக்குக் கழுத்து வரைக்கும்"ன்னார்.

நான் முக்காலியை மடிக்கற மாதிரி திரும்பிக்கிட்டேன். அவர் நாற்காலிக்குப் போய் உட்கார்ந்து, "உங்கக்காவை நாளையிலேருந்து சாமான் கட்டச் சொல்லு. ஆபீஸ்ல அட்டைப்பெட்டி கிடைக்குமான்னு கேளு"ன்னார்.

புள்ளியை அனுப்பியிருக்கேன். எடுத்தவர் எண் கேக்குது. எனக்கு உங்க ஆபீஸ் எண் கிடையாது, அதனால ஏழுன்னு போட்டிருக்கேன். நாளைக்கு நண்பகலுக்கு முன்னாடி சேர்த்துடு. இருநூத்து முப்பத்தொண்ணு வரணும். ஞாயித்துக்கிழமை நான் வர்றேன், பீரோவை நீ தனியாத் தூக்காதே.

தம்பி